கோல்ட்விங் பின் சக்கரத்தில் ஒரு கார் டயர்

போன மார்கழியில் ஒரு காலை, எங்கள் டயர் கடையைத் திறந்து கம்ப்ரசரைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஹோண்டா கோல்ட்விங் பைக் ஒன்று சத்தமே இல்லாமல் வந்து நின்றது. 1,832 சிசி, ஆறு சிலிண்டர், நானூறு கிலோவுக்கு மேல் எடை. கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலையில் கடை வைத்திருப்பதால் இந்த மாதிரி வண்டிகள் அவ்வப்போது கண்ணில் படும், ஆனால் உள்ளே வருவது அபூர்வம். என் கண் முதலில் போனது வண்டி மேல் இல்லை, பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த புது டயர் மேல். 195/55 ஆர்16, அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். பலேனோ காருக்கும் ஐ20 காரின் மேல் ரகத்துக்கும் நாங்கள் வாராவாரம் மாட்டும் அதே அளவு.

"தம்பி, இதை இந்த வண்டியோட பின் சக்கரத்துல மாட்டணும், முடியுமா?" என்றார். அறுபது வயதிருக்கும், பெங்களூரில் இருக்கிற தமிழ்க்காரர். வருடத்துக்கு ஒரு முறையாவது வீட்டம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கன்னியாகுமரி வரைக்கும் போய் வருபவர். பெங்களூரில் கேட்ட இரண்டு கடையிலும் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். யாரோ எங்கள் கடையைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் ஏன் இந்த முடிவுக்கு வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் குறை நியாயமானது. அந்த வண்டியின் பின் டயர் 180/60 ஆர்16. நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது, சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும், விலையோ கார் டயரைப்போலப் பல மடங்கு. அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அவர் கணக்குப்படி 14 ஆயிரம் கிலோமீட்டரில் நடு மொட்டை. ஓரத்தில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டங்கள், புதுசு மாதிரியே இருக்கும், நடுவில் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாகிவிடும். நம் 44-ஆம் எண் நெடுஞ்சாலை அப்படி. பெங்களூரிலிருந்து சேலம், மதுரை, திருநெல்வேலி வரைக்கும் பெரும்பாலும் நேர்கோடு, வண்டி சாயவே வேண்டியதில்லை. டயரின் நடுப்பட்டை மட்டும் நாள் முழுக்க தார் மேல் தேய்ந்துகொண்டே இருக்கும். சாய்வதற்கென்று செய்த டயரை நேராகவே ஓட்டித் தேய்க்கிறோம், அப்புறம் எதற்கு அந்த டயர் என்பது அவர் கேள்வி. கார் டயர் என்றால் 40 ஆயிரம் ஓடும்.

அமெரிக்காவில் இதைப் பல வருடமாகச் செய்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கும் தெரியும், கோல்ட்விங்காரர்கள் மத்தியில் அதற்கு 'இருண்ட பக்கம்' என்று பெயரே உண்டு. லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓட்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எதிர்ப்பவர்கள் சிலர், கார் டயர் மாட்டினால் அடுத்த வளைவிலேயே விழுந்துவிடுவாய் என்பதுபோலப் பேசுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை.

எடை தாங்காது என்று சொல்பவர்களும் தவறாகத்தான் சொல்கிறார்கள். அந்த வண்டியின் டயரில் 74 என்று போட்டிருக்கும், அதாவது 375 கிலோ தாங்கும். அவர் கொண்டுவந்த கார் டயரில் 87, அதாவது 545 கிலோ. உயரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைக் டயர் 622 மில்லிமீட்டர், கார் டயர் 621. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர்கூடப் பொய் சொல்லாது. காகிதத்தில் பார்த்தால் எல்லாமே பொருந்துகிற மாதிரி இருந்தது.

அப்பா கல்லா பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டி இந்தக் கடையை ஆரம்பித்தவர். "டேய், டயர் அளவைப் பாக்காத. ரிம்மப் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அன்றைக்கு அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. இவ்வளவு தூரம் நம்பி வந்திருக்கிறார், நாம் மாட்டாவிட்டால் வேறு எங்காவது அரைகுறையாக மாட்டிவிடுவார்கள், நாமாவது கவனமாகச் செய்யலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெரிய வண்டியில் கை வைக்கிற ஆசையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றுவது எளிது. கோல்ட்விங்கின் பின் சக்கரம் ஒரே பக்கக் கையில் (ஸ்விங் ஆர்ம்) நிற்கிறது, காரைப்போலவே ஐந்து நட்டு. சங்கிலி கிடையாது, சக்கரத்தைச் சுழற்றுவது ஒரு இரும்புத் தண்டு, ஷாஃப்ட். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, ஜாக்கி கொடுத்து, பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றிவிட்டால் சக்கரம் கைக்கு வந்துவிடும். பழைய டயரும் மெஷினில் சிரமமில்லாமல் இறங்கியது.

வெறும் ரிம்மைக் கையில் எடுத்த பிறகுதான் அப்பா சொன்னது உறைத்தது. 195/55 கார் டயருக்கு ஐந்தரையிலிருந்து ஏழு அங்குல அகல ரிம் இருக்க வேண்டும். இது ஐந்து அங்குலம்தான். அகலம்கூடப் பெரிய விஷயமில்லை. டயரின் பீடு, அதாவது உள்ளே கம்பி ஓடுகிற அந்தத் தடித்த விளிம்பு, உட்கார்ந்து கொள்கிற மேடையின் வடிவம் கார் ரிம்மில் வேறு, பைக் ரிம்மில் வேறு. ரிம்மின் உதடும் வேறு. இரண்டிலும் 16 என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் இரண்டையும் செய்த அச்சு ஒன்றில்லை. விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் தெரியும். நம் நாட்டுத் தர முத்திரையே இரண்டுக்கும் தனித்தனி: பைக், ஆட்டோ டயருக்கு ஐஎஸ் 15627, கார் டயருக்கு ஐஎஸ் 15633.

சோப்புத் தண்ணீர் தடவி டயரை ஏற்றினோம். ஏறிவிட்டது. காற்று வைத்தோம். சாதாரணமாக ஒரு கார் டயர் இருபது, இருபத்தைந்து பாயிண்டிலேயே (காற்றழுத்த அளவு, பிஎஸ்ஐ) 'டப் டப்' என்று இரண்டு பக்கமும் பீடு உட்கார்ந்துவிடும், கடையில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் அது. இதில் முப்பது பாயிண்டில் ஒரு பக்கம் உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் அசையவில்லை. ரிம் உதட்டை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றிவர ஓடும், அந்தக் கோடும் ரிம்மும் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் இருந்தால்தான் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே ஒரு சாண் நீளத்துக்குக் கோடு உள்ளே போய் ஒளிந்திருந்தது. காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர், மறுபடி காற்று. நாற்பது. அசையவில்லை. பீடு உட்கார வைக்க நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது நான் என் பையன்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிற பாடம். அன்று தாண்டினேன். கடைப் பையனைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, நீளமான ஓஸில் கிளிப் மாட்டி, தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஐம்பது வரை ஏற்றினேன். ஐம்பத்தைந்தைத் தொடும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். பீடு உட்கார்ந்தது. அப்பா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

தாண்டியிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் பீடுக் கம்பி அறுந்திருந்தால் தூண் என்னைக் காப்பாற்றியிருக்குமா என்று தெரியாது, கம்பி பாதி அறுந்து உள்ளே இருந்தாலும் வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அதுதான் இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற இடம். இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

பேலன்சிங் செய்து, ஸ்டிக்கர் வெயிட் ஒட்டி, மாட்டி, ஸ்விங் ஆர்முக்கும் டயருக்கும் நடுவில் விரல் விட்டுப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. அந்த வண்டியின் பின் டயருக்கு 41 பாயிண்ட் காற்று. கார் டயர் மாட்டுபவர்கள் பக்கவாட்டுச் சுவர் நெளிந்து கொடுக்கட்டும் என்று குறைத்து வைப்பார்கள். அவர் 34 கேட்டார், வைத்தேன். "நீங்களே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க தம்பி" என்றார்.

நேராகப் போகும்போது சொர்க்கம். மிகையாகச் சொல்லவில்லை, அவ்வளவு நிதானம், தண்டவாளத்தில் போகிற மாதிரி. பிரேக் பிடித்தாலும் பின்பக்கம் அப்படியே தரையோடு ஒட்டி நின்றது. ரவுண்டானா வரைக்கும் மனதுக்குள் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். ரவுண்டானாவில் வண்டியைச் சாய்த்தபோதுதான் அது பேச ஆரம்பித்தது. முதலில் சாயவே மாட்டேன் என்றது. ஹேண்டிலைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளியதும் சாய்ந்தது, ஆனால் கையை லேசாகத் தளர்த்தியவுடன் நிமிரப் பார்த்தது. சுற்றி முடிக்கும்வரை ஒரு கை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சர்வீஸ் ரோட்டில் ஒட்டுப் போட்ட தார் விளிம்பில் ஏறியதும் பின் சக்கரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் இழுத்தது, பள்ளம் சொன்ன திசையில் வண்டி போனது, நான் சொன்ன திசையில் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கடைக்கு வந்து சாக்பீஸை எடுத்தேன். டயரின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை குறுக்காக நாலு இடத்தில் தடிமனாகக் கோடு போட்டேன். அவரை ராயக்கோட்டை சாலைப் பக்கம் நாலு வளைவு போய்விட்டு வரச் சொன்னேன். வந்ததும் குனிந்து பார்த்தோம். தட்டையான நடுப்பகுதியில் சாக்பீஸ் சுத்தமாக இல்லை, சரி. தோள் பக்கம், பட்டன் முடிகிற விளிம்பிலும் இல்லை. அதற்கு அப்பால், பட்டனே இல்லாத பக்கச் சுவரில், டயர் பெயர் எழுதியிருக்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு விரற்கடை அளவுக்குச் சாக்பீஸ் அழிந்திருந்தது. அதாவது வளைவில் வண்டி சாய்ந்தபோது தார் மேல் ஓடியதில் ஒரு பங்கு டயரின் சுவர். ஓடுவதற்கென்று செய்யாத இடம். அவர் உட்கார்ந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் கடையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து உருட்டிக் காட்டுகிறேன். வாய் அகலமாகவும் அடி ஒடுங்கியும் இருக்கிற டம்ளர். அதைத் தரையில் படுக்க வைத்து உருட்டினால் நேராகப் போகாது, வட்டமடித்துத் திரும்பி வரும். நேரான டப்பாவை உருட்டினால் நேரே போய்ச் சுவரில் முட்டும். பைக் டயரைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் அது அரைவட்டம். வண்டி சாயும்போது அதன் ஒரு சரிவு தரையைத் தொடுகிறது, அந்தச் சரிவு டம்ளரைப்போல உருண்டு வண்டியைத் தானாகவே வளைவுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. எவ்வளவு சாய்த்தாலும் அந்த இடத்தில் பட்டன் தயாராக இருக்கும். கார் டயர் டப்பா. கார் சாயாது, அதனால் அது தட்டையாக இருப்பதுதான் சரி. அதை பைக்கில் மாட்டிச் சாய்த்தால் சாய்ந்த பக்கத்து ஓரத்தில் தரை முட்டுக் கொடுக்கிறது, அந்த முட்டு வண்டியை நிமிர்த்தப் பார்க்கிறது. கையில் தெரிகிற எதிர்ப்பு அதுதான். முன் சக்கரமோ வட்ட டயர், அது டம்ளர் மாதிரி உள்ளே போகலாம் என்கிறது. பின் சக்கரம் நேராகப் போகலாம் என்கிறது. நடுவில் ஓட்டுகிறவர் தோள் வலிக்க இரண்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ண வேண்டும். அமெரிக்காவில் பலர் சுவர் கெட்டியான, காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃப்ளாட் கார் டயரைத் தேடிப் போடுவது இந்த நெளிவைக் குறைக்கத்தான், ஆனால் வடிவம் அதே டப்பாதான்.

சாயாத வண்டிக்கு இந்தப் பேச்சே கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சைடுகார் மாட்டிய புல்லட் சாயாது. கோல்ட்விங்கையே மூன்று சக்கரமாக மாற்றி ஓட்டுகிறார்கள், அதில் பின்னால் இரண்டும் கார் டயர்தான், அதுதான் முறை. நம் ஊரில் மாற்றுத்திறனாளிகள் ஓட்டுகிற பக்கச் சக்கர ஸ்கூட்டர்கள் என் கடைக்கு நிறைய வரும். அவற்றின் பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்து ஓரம் புதுசாக இருக்கும், அந்தக் கோல்ட்விங் டயரைப்போலவே. அவர்களுக்கு அதனால் நட்டமில்லை, ஹேண்டிலைத் திருப்பித்தான் வளைகிறார்கள். ஆக, கார் டயர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சாய்ந்து திரும்புகிற வண்டிக்கு அது ஆகாது என்கிறேன்.

அன்றே கழற்றிவிடுங்கள் என்று சொன்னேன். பயணம் திட்டம் போட்டாயிற்று, வீட்டம்மா காத்திருக்கிறார், போய்விட்டு வந்து பார்க்கலாம் என்றார். வேகம் வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அதுவும் தப்புதான், ஆனால் அவர் சாவி அவர் கையில்.

பத்து நாள் கழித்து அதே காலை நேரம் வந்து இறங்கினார். வலது தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். "தம்பி, தொப்பூர்ல தெரிஞ்சுபோச்சு" என்றார்.

தருமபுரி, நல்லம்பள்ளி தாண்டி சேலம் பக்கம் இறங்கும்போது தொப்பூர் கணவாய் வரும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். எத்தனை விபத்துச் செய்தி படித்திருக்கிறோம், பிரேக் சூடேறி நிற்காமல் போன லாரிகள் எத்தனை. அந்த இறக்கத்தில், வளைவின் நடுவில், முன்னால் போன கண்டெய்னர் சிக்னல் போடாமல் தடம் மாறியிருக்கிறது. சாய்ந்த நிலையிலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும். பழைய டயரில் என்றால் நினைத்தாலே போதும், வண்டி போய்விடும். அன்று ஹேண்டிலைத் தள்ளியும் வண்டி ஒரு நொடி யோசித்திருக்கிறது. அதற்குள் பளிச்சென்று லாரியின் பின் சக்கரம் பக்கத்தில். பின்னால் வீட்டம்மா அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை, பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதன் பிறகு கன்னியாகுமரி போய்த் திரும்பும்வரை எந்த வளைவிலும் தோள் தளரவில்லையாம். மதுரைக்குத் தெற்கே நல்ல மழையில் தேங்கிய தண்ணீரில் பின்பக்கம் மிதக்கிற மாதிரி இரண்டு தடவை தோன்றியிருக்கிறது. வட்ட டயர் படகு மூக்குபோலத் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும், தட்டை டயர் அந்த எடையில் தண்ணீர் மேல் ஏறப் பார்க்கும், அதனால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சொல்லி வைத்திருந்த பைக் டயர் அடுத்த வாரம் வந்தது, நாங்களே மாட்டினோம். முப்பத்தைந்து பாயிண்டில் இரண்டு பக்கமும் 'டப் டப்'. கோடு சுற்றிவர ஒரே அளவு. அப்பா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். 41 வைத்தேன். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் 150 கிலோமீட்டர் மெதுவாகச் சாயுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் காற்றுப் பார்க்க வந்தபோது மறுபடி சாக்பீஸ் கோடு போட்டோம், இந்த முறை பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் இறக்கம் வரை போய்விட்டு வந்தார். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் படிப்படியாக அழிந்து, ஓரத்தில் ஒன்றரை விரல் அகலத்துக்குச் சாக்பீஸ் அப்படியே வெள்ளையாக இருந்தது. அந்த மலை இறக்கத்திலும் அவர் தொடாத பட்டன் இன்னும் மிச்சம் இருந்தது. அந்த ஒன்றரை விரலுக்குத்தான் பைக் டயருக்குக் காசு கொடுக்கிறோம் என்று அவரே சொன்னார்.

அவர் முதலில் சொன்ன குறை அப்படியேதான் இருக்கிறது, நடு தேயத்தான் செய்யும். அதற்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். காலையில் வண்டி சூடாவதற்கு முன் காற்றுப் பார்த்து 41-ஐ விடாமல் வைத்தால் ஆயுள் கூடும், குறைந்த காற்றில் நெடுஞ்சாலையில் ஓடினால் டயர் சீக்கிரம் போய்விடும். நடுவில் கெட்டி ரப்பரும் ஓரத்தில் மிருது ரப்பரும் வைத்துச் செய்த டூரிங் டயர்கள் இருக்கின்றன, டன்லப் எலைட் 4 அப்படித்தான், அதைக் கேட்டுப் பார்க்கலாம். பாதி தேய்ந்ததுமே அடுத்த டயருக்குச் சொல்லி வைத்துவிட வேண்டும், மொட்டையான பிறகு தேடினால்தான் இந்த மாதிரி யோசனையெல்லாம் வருகிறது.

இந்தக் கதை எப்படியோ பரவி, அவெஞ்சருக்கு மாட்ட முடியுமா, சூப்பர் மீட்டியாருக்கு முடியுமா என்று ஓசூரிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் தம்பிகள் கேட்கிறார்கள். முடியாது. அந்த ரிம்கள் கோல்ட்விங்கைவிட ஒடுக்கம், கார் டயர் அதில் பீடு பிதுங்கித்தான் நிற்கும். வண்டியில் மாற்றம் செய்வது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது, ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது டயரைத்தான். எவ்வளவு கொடுத்தாலும் என் கடையில் இனி சாயுற வண்டிக்குக் கார் டயர் ஏறாது.

அந்த 195/55-ஐ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர்கூட ஓடாத டயர், பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது, ஒரு பலேனோக்காரர் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. ஐம்பத்தைந்து பாயிண்டில் வெடித்து உட்கார்ந்த பீடு அது. கட்டரை எடுத்து இரண்டு பக்கமும் கம்பியை வெட்டிவிட்டுத்தான் பழைய டயர் எடுக்கிறவரிடம் போட்டேன்.